வேங்கைப் பிசினில் தீட்டியவரின் பெயர்

2026-ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ பட்டியலில் தமிழ்நாட்டுக் கலைஞர்களுக்கு நடுவே ஆர். கிருஷ்ணன் என்ற பெயரும் இருந்தது. பட்டியல் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. நீலகிரியில் கோத்தகிரியை அடுத்த வெள்ளரிக்கொம்பையைச் சேர்ந்த ஆலுக்குறும்பர் பழங்குடி ஓவியர் அவர். மலையில் பலருக்கு அவர் கிட்ணா. ஓவியக் கல்லூரி எதிலும் படித்தவரல்ல. தாத்தா தீட்டியதைப் பார்த்தும், காட்டில் கிடைத்த பிசினையும் இலையையும் மண்ணையும் வைத்துத் தானே பழகியும் கை தேர்ந்தவர். அவர் ஓவியத்தை நம்மில் பலர் எங்கோ ஒரு கண்காட்சிக் கடையிலோ வாழ்த்து அட்டையிலோ பார்த்திருக்கக்கூடும். அதன் அடியில் பெரும்பாலும் ‘குறும்பர் ஓவியம்’ என்று மட்டும்தான் போட்டிருக்கும். இனத்தின் பெயர் இருக்கும், மனிதரின் பெயர் இருக்காது. இந்த வழக்கம் தப்பு என்று நான் நினைக்கிறேன். ஒரு சமூகத்தின் நினைவு கூட்டமாகத் தானே நகர்ந்து வந்து சேர்வதில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து, எதை வரையலாம், எதை விடலாம் என்று முடிவெடுத்துத்தான் அதை அடுத்த கைக்குக் கொடுக்கிறார். அந்த ஒருவரைப் பெயர் சொல்லி மதிக்காமல், அவர் காத்த மரபை மட்டும் காப்பாற்றிவிடலாம் என்று நினைப்பது நடக்காத காரியம்.

முதலில் அவர் வேலையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். வேங்கை மரத்தின் பட்டையைக் கீறினால் ரத்தம்போல் சிவப்பாக ஒரு பிசின் கசியும். வைத்தியத்துக்கும் பயன்படும் பிசின் அது. உலர்ந்தால் கறுத்துப்போகும், நீரில் கரைத்தால் செம்பழுப்பாக விரியும். கிருஷ்ணனின் மனிதர்களுக்கும் மரங்களுக்கும் மாடுகளுக்கும் உடல் நிறம் தந்தது பெரும்பாலும் இந்தப் பிசின்தான். பச்சைக்கு இலைச்சாறு, கறுப்புக்கு மரப்பட்டை, வெளிர் நிறங்களுக்கு மண். கடைச் சாயத்தில் நூறு நிறம் கிடைக்கும் காலத்தில் மூன்று நான்கு நிறங்களுக்குள் நின்றுகொண்டார். உருவங்களும் அப்படித்தான்: மெலிந்த கோடுகளால் ஆன கைகால்கள், முகத்தில் கண் மூக்கு விவரம் இல்லை, ஆனால் யார் என்ன செய்கிறார்கள் என்பதில் குழப்பமே வராது. பாறை விளிம்பிலிருந்து கொடியேணியில் ஒருவர் தொங்குகிறார், கீழிருந்து புகை எழுகிறது, மேலே இன்னொருவர் ஏணியைக் காக்கிறார். தேனெடுக்கும் காட்சி இது. இன்னொரு தாளில் குழலும் பறையும் ஒலிக்க வட்டமிட்டு ஆடுகிறார்கள். வேறொன்றில் கோயில், விதைப்பு, அறுவடை. ஒரு மலைச் சமூகத்தின் ஓர் ஆண்டு முழுவதையும் இந்தத் தாள்களை வரிசையாக வைத்துப் படித்துவிடலாம்.

இதில் அவர் சொந்தமாகச் செய்தது என்ன என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது. குறும்பர் ஓவியம் முன்பு சுவரிலும் பாறையிலும் இருந்தது. கோயில் சுவரில் தெய்வத்தோடு சேர்ந்த உருவங்களைப் பூசாரிக் குடும்பத்து ஆண்கள் தீட்டுவார்கள். வீட்டு வாசலையும் சன்னலையும் சுற்றிப் பெண்கள் கரை போடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் இடமும் ஒரு காலமும் உண்டு. சடங்கு நின்றால் ஓவியமும் நிற்கும், சுவர் இடிந்தால் ஓவியமும் போகும். குடில்கள் சிமெண்ட் வீடுகளாகி, இளைஞர்கள் தேயிலைத் தோட்டத்துக்கும் நகரத்துக்கும் கூலிக்குப் போகத் தொடங்கியபோது, இரண்டுமே நடந்தன. சென்னையின் சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையம் இந்தக் கலையை மீட்கப் பயிற்சி நடத்தியது, தாளில் தீட்ட ஊக்கம் கொடுத்தது. நிறுவனம் தாளைக் கொடுக்கலாம். சுவரில் பரந்து கிடந்ததை ஒரு தாளின் நான்கு ஓரங்களுக்குள் எப்படி அடுக்குவது, சடங்கோடு பிணைந்திருந்த உருவத்தைச் சடங்கு தெரியாத ஒருவரும் புரிந்துகொள்ளும்படி எப்படிக் காட்சியாக்குவது, எந்தத் தெய்வத்தை வெளியே காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்பதையெல்லாம் தீட்டுகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். இவை ஒரு கலைஞர் எடுக்கும் முடிவுகள். கைவினைப் பொருளுக்கு ஓர் அச்சு இருக்கும், அதைப் பார்த்து நூறு செய்யலாம். இங்கே அச்சே இல்லை, அவர்தான் போட்டார்.

இதையே எங்கள் இடுக்கிப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். மூணாறைத் தாண்டி மறையூர் இறங்கினால் முனியறைகள் என்று மக்கள் சொல்லும் கற்திட்டைகள் பாறை மேல் நிற்கின்றன. சந்தனக் காட்டை ஒட்டிய பாறை ஒதுக்குகளில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. மான் போன்ற விலங்குகளும் மனித உருவங்களும் மங்கித் தெரிகின்றன. ஆய்வாளர்கள் வந்து படியெடுத்துப் போயிருக்கிறார்கள், சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துப் போகிறார்கள். அந்த உருவத்தை ஏன் அந்த இடத்தில் தீட்டினார்கள், எந்த நாளில், யார் அனுமதியோடு என்று சொல்ல அங்கே கை ஒன்று தொடரவில்லை. நீலகிரியின் கரிக்கையூர் பாறை ஓவியங்கள் தென்னிந்தியாவின் பெரிய பாறை ஓவியத் தொகுதிகளில் ஒன்று. மலையேற வந்தவர்கள் அவற்றின் மேல் தங்கள் பெயரைக் கிறுக்கிச் சேதப்படுத்தியிருக்கிறார்கள். பாறைக்கு வேலி போட வேண்டும், காவல் வைக்க வேண்டும், மறுப்பே இல்லை. ஆனால் வேலி காப்பது பாறையில் எஞ்சிய நிறத்தை மட்டும்தான். அந்த நிறத்தை எந்த மரத்திலிருந்து எந்தப் பருவத்தில் எடுப்பது, எவ்வளவு நீர் சேர்ப்பது, தேனெடுக்கும் காட்சியில் ஏணிக்கு மேலே யாரை நிறுத்துவது என்ற அறிவு, தீட்டுகிற மனிதரிடம்தான் இருக்கிறது.

இங்கே முதல் மறுப்பு வரும். வெள்ளரிக்கொம்பைக்குப் பக்கத்தில் எழுத்துப்பாறை என்ற இடத்தில் பழைய பாறை ஓவியங்கள் உள்ளன. கிருஷ்ணனைப் பற்றி எழுதியவர்கள் பலரும் அவரை நேராக அந்தப் பாறையோடு கட்டி, மூவாயிரம் ஆண்டு மரபின் கடைசிக் கண்ணி என்று எழுதினார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அறுபடாமல் ஒரே சமூகம் தீட்டிவந்தது என்பதற்கு என்ன சான்று என்று ஓர் ஆய்வாளர் கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானதே. பாறை ஓவியத்தின் வயதைக் கணிப்பதே கடினம், தீட்டியவர் யார் என்று சொல்வது அதைவிடக் கடினம். ஆனால் என் வாதம் அந்த மூவாயிரம் ஆண்டின் மேல் நிற்கவில்லை. தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வந்தது என்ற தலைமுறைத் தொடர்ச்சியே போதும். அதோடு, எழுத்துப்பாறையைத் தங்கள் முன்னோரின் வேலையாக நினைத்து ஒரு சமூகம் அதைப் பார்த்து வரைகிறது என்றால், அந்த உறவும் மரபுதான். பழந்தமிழ் இலக்கியத்துக்கும் நமக்கும் நடுவே ஓலைச்சுவடிகள் பரணில் கிடந்த காலமும் உண்டு. உ.வே. சாமிநாதையரும் சி.வை. தாமோதரம் பிள்ளையும் தேடி எடுத்துப் பதிப்பித்தார்கள். இடைவெளி இருந்ததே என்பதற்காக அது நம் மரபு இல்லை என்று யாரும் சொல்வதில்லை. மீட்டெடுத்த அந்த இருவரின் பெயரையும் நன்றியோடு சொல்கிறோம். அதே நன்றி கிருஷ்ணனுக்கும் உரியது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. இது ஊரின் பொதுச் சொத்து, ஒருவர் பெயரைப் போட்டால் மற்றவர்களின் பங்கு மறைந்துபோகாதா என்பது அது. இதற்கு மத்தியப் பிரதேசத்தில் நடந்ததே பதில் சொல்கிறது. பாடான்கர் என்ற ஊரைச் சேர்ந்த ஜங்கட் சிங் ஷியாம் பர்தான் கோண்டு சமூகத்தவர். பர்தான்கள் பாணா என்ற நரம்புக் கருவியை மீட்டிக் கோண்டு மக்களின் தெய்வக் கதைகளையும் வம்ச வரலாற்றையும் பாடுகிறவர்கள். அவர்கள் நினைவு பாட்டில் இருந்தது, படத்தில் இல்லை. 1980-களின் தொடக்கத்தில் ஓவியர் ஜே. சுவாமிநாதனின் குழு அந்த இளைஞர் வீட்டுச் சுவரில் வரைந்ததைக் கண்டு போபாலுக்கு அழைத்து வந்தது. 1982-இல் அங்கே பாரத் பவன் என்ற கலை மையம் திறக்கப்பட்டது. தாளும் சாயமும் கைக்கு வந்ததும், அதுவரை பாட்டாக மட்டும் இருந்த தெய்வங்களுக்கு ஜங்கட் உருவம் கொடுத்தார், புள்ளியும் நுண்கோடுகளுமாக. அதற்கு முன்மாதிரி கிடையாது. இன்று நாம் ‘கோண்டு ஓவியம்’ என்று அறிவது பெரும்பங்கு அந்த ஒருவர் கண்டுபிடித்த மொழி. அதனால் ஊரார் பங்கு மறைந்ததா? அவர் வீட்டுக்கு வந்து தங்கிப் பழகிய உறவினர்கள் ஒவ்வொருவரும் தனித்தனிப் பாணியோடு வளர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான பஜ்ஜு ஷியாமின் லண்டன் பயணத்தைச் சித்திரமாகச் சொல்லும் நூலைச் சென்னையின் தாரா புக்ஸ் 2004-இல் வெளியிட்டது. 2018-இல் அவருக்கும், 2022-இல் இன்னொருவரான துர்காபாய் வியாமுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தப் பாணிக்கே ‘ஜங்கட் கலம்’ என்று கலை விமர்சகர்கள் பெயர் வைத்தார்கள். ஒரு பெயரைச் சொன்னதால் பத்துப் பெயர்கள் வெளியே வந்தன. பெயரே சொல்லாதிருந்தால் எல்லாரும் சேர்ந்து மறைந்திருப்பார்கள். ஜங்கட்டின் முடிவு துயரமானது. 2001-இல் ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்துக்காக வரையப் போன இடத்தில், ஊரைவிட்டுத் தொலைவில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மரபைக் கொண்டாடுகிறவர்கள் அந்த மரபைச் சுமக்கும் மனிதரின் மன நலத்தையும் வேலை நிலைமையையும் கவனிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

மூன்றாவது மறுப்பு சந்தையைப் பற்றியது. தெய்வத்துக்காகத் தீட்டியது விற்பனைக்கு வந்துவிட்டால் அதன் உயிர் போய்விடும் என்பார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து இரண்டு பேரைப் பார்க்கலாம். ஐவரி கோஸ்ட்டின் ஃப்ரெடெரிக் புரூலி புவாப்ரே பிரெஞ்சுக் காலனி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். ஓவியம் யாரிடமும் கற்கவில்லை. தன் பேத்தே மக்களின் மொழிக்கு எழுத்து இல்லை என்பது அவரை உறுத்தியது. 400-க்கும் மேற்பட்ட படவெழுத்துகளை அவரே உருவாக்கினார். பிறகு அஞ்சலட்டை அளவுத் துண்டு அட்டைகளில் பால்பாயிண்ட் பேனாவும் வண்ணப் பென்சிலும் கொண்டு, தன் மக்களின் அறிவையும் அன்றாடத்தையும் ஆயிரக்கணக்கான படங்களாகச் சேர்த்தார். தென்னாப்பிரிக்காவின் எஸ்தர் மலாங்கு, ந்டெபெலே பெண்கள் வீட்டுச் சுவரில் தீட்டும் வடிவங்களைப் பத்து வயதில் அம்மாவிடமும் பாட்டியிடமும் கற்றவர். கோழி இறகால்தான் கோடு போடுவார். 1991-இல் பி.எம்.டபிள்யூ காருக்கே அந்த வடிவங்களைத் தீட்டினார். கார் நிறுவனத்துக்குத் தீட்டியதால் அவர் மரபு அழியவில்லை. தன் வீட்டிலேயே பள்ளி வைத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு அதே கோழி இறகைக் கொடுத்துச் சொல்லித்தந்தார். 1989-இல் பாரிஸில் நடந்த ‘மண்ணின் மாயவித்தைக்காரர்கள்’ என்ற பெரிய கண்காட்சியில் புவாப்ரே, மலாங்கு, நம் ஜங்கட் மூவரின் வேலையும் இடம்பெற்றது. மேற்கத்திய நவீன ஓவியர்களுக்குச் சமமாக அவரவர் பெயரோடு வைக்கப்பட்டன. விலை கொடுத்து வாங்குவது கெடுதல் இல்லை. தீட்டியவரின் பெயரை மறைத்து, இடையில் இருப்பவர் லாபத்தை எடுத்துக்கொண்டு, வாங்குகிறவருக்கு எது பிடிக்கும் என்று சொல்லி அவர் கையைத் திருப்புவதுதான் கெடுதல். கிருஷ்ணன் விற்றார், விற்று வாழ்ந்தார், ஆனாலும் வேங்கைப் பிசினை விடவில்லை. சந்தைக்கு உள்ளே நின்றும் ஒருவர் தன் முடிவுகளைத் தானே எடுக்க முடியும் என்பதற்கு அவர் தாள்களே சாட்சி.

முறையாகப் படிக்காதவரைப் பெரிய கலைஞர் என்று எப்படி ஏற்பது என்ற கேள்வியும் நம் ஊரில் உண்டு. நீலகிரியை ஒட்டிய பாலக்காட்டு அட்டப்பாடியில், இருளர் சமூகத்து நஞ்சியம்மாவுக்கு 2022-இல் அறிவிக்கப்பட்ட தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகி விருது கிடைத்தபோது இதே கேள்வி எழுந்தது. பல ஆண்டு சங்கீதம் பயின்றவர்கள் இருக்க, சுருதி பிடித்துப் பயிலாத ஒருவருக்கா என்று கேட்டார்கள். கேரளத்தின் பல இசைக்கலைஞர்களே அவருக்காகப் பேசினார்கள். மேய்ச்சலிலும் சடங்கிலும் சாவு வீட்டிலும் பாடிப் பாடி உருவான குரலுக்குப் பயிற்சி இல்லை என்று சொல்வதற்கில்லை. கல்லூரிப் பயிற்சியின் மதிப்பை நான் குறைக்கவில்லை. சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியும் சோழமண்டலம் ஓவியர் கிராமமும் தமிழ் ஓவியத்துக்குத் தந்தது மிகப் பெரியது. ஆனால் நல்ல வேலையை அளக்க வேறு கேள்விகள் இருக்கின்றன: கோட்டில் தயக்கம் இருக்கிறதா, நிறம் ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிகிறதா, பத்தாவது ஓவியமும் முதல் ஓவியத்தின் நகலாக இல்லாமல் ஏதாவது புதிதாகச் சொல்கிறதா. இந்தக் கேள்விகளைக் கல்லூரியில் படித்தவரிடமும் கேட்கலாம், கிருஷ்ணனிடமும் கேட்கலாம். ஒரே தராசில் நிறுத்துவதுதான் மரியாதை. ‘பழங்குடிக்காரர் நன்றாகத்தான் வரைந்திருக்கிறார்’ என்று தள்ளுபடி கொடுத்துப் பாராட்டுவது மரியாதை ஆகாது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? விருது நல்லதுதான், ஆனால் அது கடைசியில் வருவது. முன்னால் வர வேண்டியவை மூன்று. முதலாவது காடு. பிசின் எடுக்க மரத்திடம் போக முடியாத ஓவியர் கடைச் சாயத்துக்குத்தான் போவார். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வன மகசூலைச் சேகரிக்கும் உரிமையைத் தருகிறது. பல்லுயிர் வளத்தோடும் பண்பாட்டோடும் சேர்ந்த மரபறிவு அந்தச் சமூகத்தின் அறிவுச் சொத்து என்பதையும் ஏற்கிறது. குறும்பர்கள் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மிகவும் நலிவுற்ற பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். அவர்களுக்கு அந்த உரிமைப் பத்திரம் கையில் கிடைப்பதும் ஓவியத்தைக் காக்கும் வேலைதான். இரண்டாவது வகுப்பறை. பட்டம் இல்லாதவரை ஆசிரியராக வைக்க விதி இல்லை என்று கைவிரிக்காமல், மலைப் பகுதி அரசுப் பள்ளிகளிலும் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் இவர்களைச் சம்பளம் கொடுத்துக் கற்பிக்க வைக்க வழி காண வேண்டும். போபாலில் ஜங்கட்டுக்குக் கிடைத்த வேலையும் இருப்பிடமும்தான் அவரைச் சுற்றி ஒரு தலைமுறையை உருவாக்கின. மூன்றாவது, செலவே இல்லாதது: பெயர். அருங்காட்சியகத்தில், கடையில், புத்தக அட்டையில், அரசுச் சுவரோவியத்தில், தீட்டியவர் பெயரையும் ஊரையும் போட வேண்டும்.

இதை இடுக்கியின் பள்ளிவாசல் என்ற ஊரிலிருந்து எழுதுவதால், எங்கள் மலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இங்கே 1940-இல் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கிய வரலாறு புத்தகத்தில் இருக்கிறது. கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் என்பதால் தேர்விலும் கேட்கிறார்கள். மதுரையிலிருந்து பிள்ளைகளை முதுகில் சுமந்து மலையேறி வந்ததாக முதுவான் மக்கள் சொல்லும் கதை, கங்காணியின் பின்னால் மலையேறித் தேயிலைக் காட்டை உண்டாக்கிய தமிழ்க் குடும்பங்கள் லயம் என்னும் வரிசை வீடுகளில் வாழ்ந்த வாழ்க்கை, குண்டளை ரயிலையே அடித்துக்கொண்டு போன 1924 வெள்ளம், 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி நிலச்சரிவில் மண்ணுக்குள் போன 70 உயிர்கள் என்று வரையப்பட வேண்டிய நினைவு இந்த மலையில் ஏராளம். இவற்றை நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்திலும் லயத்துச் சுவரிலும் வரைந்து பார்க்கும் பிள்ளைகள் எந்தக் குடியிலும் எந்த எஸ்டேட்டிலும் இருப்பார்கள். கிருஷ்ணனின் தாத்தா பேரனுக்குச் செய்ததை அவர்களுக்கு யாராவது செய்ய வேண்டும். ஆசிரியராக இருந்தால் அந்தப் பிள்ளையின் படத்தை வகுப்பில் மாட்டுங்கள், அடியில் பெயர் எழுதுங்கள். ஊராட்சியில் இருந்தால் சுவரோவியத்துக்கு வெளியூர் ஒப்பந்தக்காரரைத் தேடும் முன் உள்ளூரில் விசாரியுங்கள். பழங்குடி ஓவியம் ஒன்றை வாங்கப் போனால், விலையைக் கேட்கும் முன் தீட்டியவர் யார் என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால், தெரிந்து சொல்லும்வரை காத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஓவியம் பெயரோடு வரும்.